மேகன் சொன்ன வாக்கியம்

சத்யப்ரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் ஜாஸ்தி. போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று தோன்றும். யாராவது வீட்டுக்கு வரத் தாமதமானால், ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் அத்தனை லாரிகளும் அவள் கண் முன்னால் வந்துபோகும். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டுச் சேலையூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தவள், அங்கே நிலைக்கவில்லை. எட்டாம் வகுப்பில் பின்வரிசைப் பையன்கள் அவள் பேசுகிற மாதிரியே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். வகுப்பு வாசலில் கால் வைக்கும் முன்பே உள்ளங்கை ஈரமாகிவிடும். ஒருநாள் ஸ்டாஃப் ரூமிலிருந்தே நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்புறம் போகவே இல்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இயங்கிய ஆன்லைன் டியூஷன் சென்டரில் வேலை கிடைத்தது. இங்கிலாந்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு ஆங்கில இலக்கணம் சொல்லித்தர வேண்டும். செய்தியைக் கேட்டதும் அவள் கணவன் ஜீவானந்தம், காட்டாங்குளத்தூர் யுனிவர்சிட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான்.

"வெள்ளைக்காரக் குழந்தைக்கு நீ இங்கிலீஷ் சொல்லித்தரப் போறியா?"

"அவங்களுக்குப் பேசத்தான் வரும். இலக்கணம் வராது" என்றாள் சத்யப்ரியா. இன்டர்வியூவில் அவளுக்குச் சொல்லப்பட்ட பதில் அது.

வேலை அவளுக்கு ஒத்துப்போனது. காதில் ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர், ஒரு நேரத்துக்கு ஒரு குழந்தை. கேமரா கிடையாது. திரையில் வெள்ளையாக ஒரு பலகை விரியும். அதில் அவளும் எழுதலாம், அங்கே இருக்கிற குழந்தையும் எழுதலாம், படத்தை இழுத்து ஒட்டலாம். சரியாகச் சொன்னால் மஞ்சள் நட்சத்திரம். முகம் தெரியாத இடத்தில் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு கலகலப்பு வந்தது. புதுப்புது விளையாட்டுகளைக் கண்டுபிடித்தாள். பிள்ளைகள் அவளை 'மிஸ் பிரியா' என்று கூப்பிட்டார்கள்.

சட்டதிட்டங்களும் உண்டு. குழந்தையின் விலாசம், போன் நம்பர், குடும்ப விஷயம் எதையும் கேட்கக் கூடாது. பேசுவதெல்லாம் பதிவாகும். சந்தேகம் வந்தால், மேற்பார்வை பார்க்கிற ஃப்ளோர் லீட் மதியழகனைக் கூப்பிட வேண்டும். மதியழகன் கானத்தூர் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சென்டரில் இழுத்துப்பிடித்து ஆபீஸ் தமிழும் இங்கிலீஷுமாகப் பேசுவான். பதற்றம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிடும்.

2008, செப்டம்பர் மாதம். சனிக்கிழமை பகல். ராஜகீழ்ப்பாக்கத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் அப்போது காலை ஒன்பது மணி. மேகனுக்கு வகுப்பு. அங்கே வடக்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர்ப் பெண், ஏழு வயது. வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அதுவும் சத்யப்ரியா கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல, வாரக்கணக்கில் அந்தப் பெண் சொன்ன வாக்கியங்களிலிருந்து தானாகத் தெரிந்தது. வழக்கமாக வகுப்பு தொடங்கும்போது அம்மாதான் முதலில் மைக்கில் வந்து குட்மார்னிங் சொல்வாள். அன்றைக்கு மேகனே வந்தாள்.

"அம்மா எங்கே?" என்று கேட்கவில்லை சத்யப்ரியா. கேட்கக் கூடாதே.

அன்றைய பாடம், இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது. அதற்கு அவள் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். குழந்தை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எது என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஓடிவிட்டு வந்து, "பூனை சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கிறது" என்றாள் மேகன். நட்சத்திரம்.

"வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது." இன்னொரு நட்சத்திரம்.

"குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது."

"ரொம்ப நல்ல வாக்கியம். இன்னும் ஒன்று?"

இந்தத் தடவை காலடிச் சத்தம் கேட்கவில்லை. குழந்தை எழுந்து போகவே இல்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் சின்னக் குரலில், "அம்மா சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டிருக்கிறாள்" என்றாள்.

ஆங்கிலத்தில் அவள் 'லேயிங்' என்று சொல்லிவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்புதான். ஒன்றைக் கொண்டுபோய் வைப்பதற்குத்தான் லேயிங், படுத்திருப்பதற்கு லையிங். சத்யப்ரியாவின் வாய் பழக்கத்தில் அதைத் திருத்தியது. மேகன் திருப்பிச் சொன்னாள். "அம்மா சமையலறைத் தரையில் லையிங்." சத்யப்ரியா நட்சத்திரத்தை இழுத்து அந்த வாக்கியத்தின் பக்கத்தில் ஒட்டினாள்.

ஒட்டிய பிறகுதான் வாக்கியம் அவள் மண்டைக்குள் போயிற்று.

மவுஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா தரையில் படுத்திருக்கிறாள். எந்த அம்மா குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் படுப்பாள்?

"மேகன், அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறாள்? தூங்குகிறாளா?"

"தெரியாது. நான் கூப்பிட்டேன்."

"எப்போது கூப்பிட்டாய்?"

"காலையில். அம்மா பல்ப் மாட்ட நாற்காலி மேல் ஏறினாள். நாற்காலியும் தரையில் படுத்திருக்கிறது." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாவின் தலைமுடி சிவப்பாக ஆகிக்கொண்டிருக்கிறது, மிஸ் பிரியா" என்றாள்.

சத்யப்ரியாவுக்குக் காதுக்குள் ஙொய் என்று இரைந்தது. அந்தக் குழந்தைக்கு எல்லாம் தெரிந்தே இருக்கிறது. யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வகுப்பு நேரம் வரைக்கும் காத்திருந்து, தானே கம்ப்யூட்டரைத் திறந்து, பூனையையும் மழையையும் சொல்லிவிட்டு, இதை இலக்கணத்துக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறது.

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தாள். "மதி, இங்க வாங்க. சீக்கிரம்."

மதியழகன் வந்தான். சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. "இன்னா மேடம் சொல்றீங்க? அந்தப் பொண்ணு தனியாவா கீது?"

"தனியாத்தான். யாராவது அங்க போகணும். அட்ரஸ் நம்ம லண்டன் ஆபீஸ்லதான் இருக்கும்."

"இன்னிக்கு சனிக்கெழம. லண்டன்ல யாரும் எடுக்கமாட்டானுங்க." சொல்லிக்கொண்டே அவன் மேஜை போனை எடுத்தான். அதில் ஐ.எஸ்.டி. போகாது என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. கீழே சந்திப்பில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் படியில் ஓடினான்.

சத்யப்ரியா மறுபடி உட்கார்ந்தாள். குரல் நடுங்கக் கூடாது. அவள் குரல் உடைந்தால் அங்கே அந்தக் குழந்தையும் உடைந்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் எழுந்து நடமாட யாரும் இல்லை.

"மேகன், உன் வீட்டில் போன் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஹாலில்."

"ஆம்புலன்ஸுக்கு எந்த நம்பர் என்று தெரியுமா?"

"மூன்று ஒன்பது." உடனே குரல் மாறியது. "ஆனால் நான் அதைத் தொடக் கூடாது. ஒரு தடவை விளையாட்டுக்கு அமுக்கிவிட்டேன். போலீஸ் வீட்டுக்கு வந்தது. அம்மா அழுதாள். இனிமேல் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்."

"இது விளையாட்டு இல்லை, கண்ணு." பதற்றத்தில் 'கண்ணு' என்பது தமிழிலேயே வந்துவிட்டது. "போ, போனை எடுத்துக்கொண்டு வா."

அந்தப் பக்கம் எதுவும் அசையவில்லை.

"மேகன்? போ."

"மிஸ் பிரியா சொல்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லையே."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் விளங்கியது. கட்டளை வாக்கியங்களுக்கு அவள் வைத்திருந்த விளையாட்டு அது. 'மிஸ் பிரியா சொல்கிறார்' என்று சேர்த்துச் சொன்னால் செய்ய வேண்டும். சேர்க்காமல் சொன்னால் செய்யக் கூடாது. போன வாரம் அதில் மேகன் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீற அந்தக் குழந்தைக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

"மிஸ் பிரியா சொல்கிறார், ஹாலுக்குப் போ" என்றாள் சத்யப்ரியா. "மிஸ் பிரியா சொல்கிறார், போனை எடுத்துக்கொண்டு இங்கே வா."

ஹெட்போன் மேஜையில் விழும் சத்தம். காலடி. அப்புறம் ஒன்றுமில்லை. சத்யப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தூரத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. அது அந்தக் குழாயா, இல்லை அவள் காதிலேயே இரைகிறதா என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் யாரோ பின்னக் கணக்குச் சொல்லித்தந்துகொண்டிருந்தார்கள்.

"கொண்டுவந்துவிட்டேன்."

"மிஸ் பிரியா சொல்கிறார், ஒன்பதை அமுக்கு. மறுபடி ஒன்பது. இன்னொரு தடவை. இப்போது பச்சைப் பொத்தான்."

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், எலி கீச்சிடுவது போல, எந்த உதவி வேண்டும் என்று கேட்டது. மேகன் பேசவில்லை. அந்தக் குரல் மறுபடி கேட்டது. மேகன் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். முன்பு போலீஸ் வந்த நாள் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"மிஸ் பிரியா சொல்கிறார்" என்றாள் சத்யப்ரியா, "உன் ஹெட்போனைக் கழற்றி, போனை அதோடு ஒட்டி வை. நீயும் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிரு. நான் பேசுகிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெரிய மனுஷியோடு அவள் இதுவரை நேரடியாகப் பேசியதே இல்லை. குழந்தைகளோடு பேசுவது வேறு. இலக்கணம் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. வாயைத் திறந்ததும் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"மேடம், ஆம்புலன்ஸ். அம்மா விழுந்து. தலையில் ரத்தம். குழந்தை தனியாக. ஏழு வயது" என்று துண்டுதுண்டாகக் கத்தினாள். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். சுற்றி இருந்த டியூட்டர்கள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்கள். பள்ளியில் அவளை நடுங்கவைத்த அதே பார்வைதான். அவள் திரும்பவில்லை.

"நீங்கள் யார்? எங்கே இருக்கிறீர்கள்? சரியாகக் கேட்கவில்லை."

"நான் டீச்சர். இந்தியாவில் இருக்கிறேன். சென்னை. குழந்தை அங்கே. போன் குழந்தையின் வீட்டுப் போன். அந்த வீட்டுக்குப் போங்கள்."

அந்தப் பக்கம் ஒரு நிசப்தம். இதையும் விளையாட்டு என்று நினைத்துவிட்டார்களோ, வைத்துவிடுவார்களோ என்று பயந்தாள். அப்புறம் அந்தக் குரல் நிதானமாக வந்தது. நம்பரை வைத்து வீடு தெரிகிறது, வண்டி கிளம்பிவிட்டது, அந்த அம்மாவுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றது.

"மேகன், மிஸ் பிரியா சொல்கிறார், அம்மாவின் வயிற்றில் மெதுவாகக் கை வை. அம்மாவை அசைக்காதே. ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வா."

இதைப் பார்க்கச் சொல்லி ஒரு ஏழு வயதுக் குழந்தையை அனுப்பிவிட்டோமே, இல்லை என்று வந்து சொன்னால் அடுத்து என்ன பேசுவது? சத்யப்ரியா மேஜை விளிம்பை இறுகப் பிடித்தாள். விரல் நகத்துக்கு அடியில் மரச்சிராய் ஏறியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"கொஞ்சமாக ஏறி இறங்குகிறது" என்றாள் மேகன். "அம்மா குளிர்ந்திருக்கிறாள்."

முன்கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்றது ஆம்புலன்ஸ் குரல். சத்யப்ரியா சொன்னாள். குழந்தை ஓடியது. திரும்பி வந்தபோது அதுவரை இல்லாத அழுகை அந்தக் குரலில் வந்திருந்தது.

"மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, மிஸ் பிரியா. நாற்காலி சமையலறையில்தான் இருக்கிறது. அது அம்மாவின் கால் மேல் இருக்கிறது."

"பரவாயில்லை. நாற்காலியைத் தொடாதே. மிஸ் பிரியா சொல்கிறார்..."

தலைக்கு மேல் ஃபேன் தேய்ந்து நின்றது. டியூப் லைட்டுகள் அணைந்தன. யூ.பி.எஸ். கீச் கீச்சென்று அடிக்க ஆரம்பித்தது. திரையில் வெள்ளைப் பலகையும் நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன. காதில் மட்டும் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரைத் தாங்கிய பேட்டரி இன்டர்நெட் பெட்டியைத் தாங்கவில்லை.

"மேகன்?" என்றாள். "மேகன், நான் இங்கேதான் இருக்கிறேன்."

யாருக்குக் கேட்கும்? அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஜெனரேட்டரைக் கிளப்பி இணைப்பு திரும்ப வந்தபோது, மாணவர் வெளியேறிவிட்டார் என்று திரை சொன்னது. மதியழகன் சட்டையெல்லாம் நனைந்து கீழேயிருந்து வந்தான். லண்டனில் மெஷின்தான் பேசியது, எல்லா விவரத்தையும் அதிலேயே சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"தாப்பா எட்லன்னுதான் கடைசியா சொல்லிச்சா?" என்றான்.

"ஆமாம்."

"ஒடச்சிகினு போயிருப்பாங்க மேடம். அவங்க சும்மா வுடமாட்டாங்க."

அவன் சொன்னது அவனுக்கே நம்பிக்கை இல்லாத குரலில் இருந்தது.

அன்று மாலை தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்துப் பெருங்களத்தூருக்கு வந்தாள் சத்யப்ரியா. அபார்ட்மென்ட் கதவைச் சாத்தியதும் அவள் கண் தாழ்ப்பாளுக்குத்தான் போனது. யு.கே.ஜி. படிக்கிற மகள் நித்யஸ்ரீயைக் கூப்பிட்டாள்.

"இதைத் தொறந்து காட்டு."

குழந்தை எக்கிப் பார்த்தது. விரல் நுனிகூடப் போகவில்லை. "ஸ்டூல் போட்டுக்கட்டுமா அம்மா?"

"வேண்டாம். ஸ்டூல் மேல ஏறாதே" என்று கத்திவிட்டாள். நித்யஸ்ரீ மிரண்டுபோய் அழ ஆரம்பித்தது. சத்யப்ரியா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

ஜீவானந்தம் விஷயத்தைக் கேட்டுவிட்டு மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "நீ செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டே" என்றான். அது அவளுக்குப் போதவில்லை. ஒருவேளை செய்யக் கூடாததைச் செய்துவிட்டோமோ என்ற பயமும் கூடவே ஏறியிருந்தது. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், தொடச் சொன்னது யார் என்று கேட்பார்கள். எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை. யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். தாழ்ப்பாள் மட்டும் அன்றிலிருந்து அந்த வீட்டில் போடப்படவில்லை, கீழ்ப்பூட்டு மட்டும்தான்.

திங்கட்கிழமை மதியம் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அதற்கப்புறம் மதியழகன் அவளை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டான். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனாள். அவன் கதவைச் சாத்திவிட்டு, இங்கிலீஷில் ஆரம்பித்து, முடியாமல் நிறுத்தினான்.

"உசுரோட கீறாங்க மேடம்" என்றான்.

முன்கதவு திறக்காததால் ஆம்புலன்ஸ்காரர்கள் பின்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். ஆபரேஷன் முடிந்து நினைவு வந்துவிட்டது, குழந்தை சித்தி வீட்டில் இருக்கிறது. லண்டன் ஆபீஸ் பதிவை முழுக்கக் கேட்டிருந்தது. பாராட்டும் எச்சரிக்கையும் ஒரே மெயிலில் வந்தன; இனிமேல் இப்படி ஏதாவது என்றால் டியூட்டர் தானாக முடிவெடுக்கக் கூடாதாம். வேண்டுமானால் பதிவைப் போட்டுக் காட்டுகிறேன் என்றான் மதியழகன். வேண்டவே வேண்டாம் என்றாள்.

பயம் அதோடு போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை. எந்தக் குழந்தை ஒரு நொடி பதில் சொல்லாமல் இருந்தாலும் அவளுக்கு உடம்பு சில்லிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்க்கிற விளையாட்டை அடியோடு விட்டுவிட்டாள். படத்தைக் காட்டி வாக்கியம் சொல்லச் சொன்னாள். மேகனை வேறு டியூட்டருக்கு மாற்றிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். மாற்றிவிட்டால் நல்லது என்றும் இருந்தது, மாற்றிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மேகனின் பெயர் திரையில் வந்தது. முதலில் அம்மா பேசினாள். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுப்பது போல மெதுவாகப் பேசினாள். நன்றி என்றாள். மேலே ஏதோ சொல்ல முயன்று, அது வராமல், "இதோ மேகன்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

"ஹலோ, மிஸ் பிரியா" என்றாள் மேகன். நேற்றுத்தான் பேசியதுபோல.

"ஹலோ, மேகன். இன்றைக்கு ஒருமை பன்மை பார்க்கலாமா?"

ஒரு குழந்தை, பல குழந்தைகள். ஒரு எலி, பல எலிகள். மேகன் படங்களை இழுத்து ஒட்டினாள். நாலைந்து வார்த்தைகள் முடிந்ததும், "ஒரு நிமிடம்" என்றாள். ஹெட்போன் மேஜையில் விழுந்தது. காலடிச் சத்தம் தூரப் போயிற்று.

சத்யப்ரியா காத்திருந்தாள். காலடி திரும்பி வந்தது.

"அம்மா உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, மேகன் அடுத்த படத்தை இழுத்தாள்.

பாடம் முடிவதற்குள் அப்படிப் பலமுறை ஓடினாள். வகுப்பு நடுவில் சும்மா இருக்கிற நேரத்தையெல்லாம் கணினி டியூட்டர் பெயரில் குறையாகக் குறித்துக்கொள்ளும். மதியழகன் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டான். சத்யப்ரியா ஒரு தடவைகூட அந்தக் குழந்தையைத் தடுக்கவில்லை. ஓடும்போதெல்லாம் பலகையில் எதையும் தொடாமல், ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலடி திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.